வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் போனைத் தயார் செய்வது எப்படி: பாமினியில் தட்டச்சு செய்து பழகிய ஒருவனின் முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லமினேட்டிங், தட்டச்சு. தவணைப் பரீட்சை நெருங்கினால் ரியூசன் ஆசிரியர்கள் கையால் எழுதிய வினாத்தாளோடு வந்து நிற்பார்கள், நான் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பேன். பதினைந்து வருடமாக இதே வேலை. அக்காவின் மகனுக்கு டிஸ்லெக்சியா என்று தெரிய வந்து, அவனுடைய போனில் தமிழை வாசிக்க வைக்க நான் உட்கார்ந்த அன்றுதான் ஒன்று உறைத்தது: நான் அடித்த ஒரு தாளைக்கூட அந்தப் போனால் வாசிக்க முடியாது.

இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். தமிழ் பேசும் குரல் இலவசமாகக் கிடைக்கிறது, சொல்வதைக் கேட்டு எழுதும் கீபோர்டும் இலவசம். தடையாக இருப்பது நம்முடைய எழுத்துதான், அதாவது படமாகவும் பாமினியாகவும் கிடக்கிற எழுத்து. அதை எப்படித் தாண்டுவது என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன், மற்றவை சுருக்கமாக.

தொடங்குமுன் ஒரு விளக்கம்

டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை, சோம்பலும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. எழுத்தைப் பார்த்து, அதன் ஒலியை எடுத்து, அடுத்த ஒலியோடு கோத்துச் சொல்லாக்குகிற வேலை நமக்குத் தன்பாட்டில் நடக்கிறது. இவர்களுக்கு அது மெதுவாகவும் பெரும் களைப்போடும் நடக்கிறது. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கணக்கு நன்றாக வரும், வாசிப்பு மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அந்த வாய்மொழியைத்தான் நாம் இப்போது போனில் ஏற்றப் போகிறோம்.

தமிழுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. எழுத்து 247. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே க, ஆனால் ஒலி மூன்று விதம். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, அரவு பின்னால் நிற்கிறது, வாயில் முதலில் வருவதோ நடுவில் நிற்கிற க. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண தடுமாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். இதற்கெல்லாம் மேலே, வீட்டில் "போறன்" என்று பேசுகிற பிள்ளை கொப்பியில் "போகிறேன்" என்று எழுத வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்து விடுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, வாசிப்புச் சிரமத்தைப் பற்றியும் அங்கேயே கேட்டு, யாரிடம் அனுப்புவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் ஒரு அறிக்கை இருந்தால் பிறகு பாடசாலையில் பேசும்போது உதவும். ஆனால் அறிக்கை கைக்கு வரும்வரை போனைத் தொடாமல் காத்திருக்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் எதுவும் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

படி 1: தமிழ்க் குரலை இறக்குவது

சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும், திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை. கூடவே ஒரு ஹெட்செட் வேண்டும். ஏனென்றால் வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால், "அண்ணாக்குப் போன் வாசிச்சுக் குடுக்குது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள், பிள்ளை அன்றோடு போனைத் தொடமாட்டான். எங்கள் வீட்டில் நடந்தது இது.

செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள தேடும் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். ஒவ்வொரு போனிலும் அது ஒவ்வொரு மூலையில் இருக்கும், தேடுவதுதான் சுலபம். உள்ளே போனால் 'பிரிஃபர்ட் என்ஜின்' என்று ஒன்று இருக்கும். சாம்சங் போன் என்றால் அதில் சாம்சங்கின் சொந்த என்ஜின் தெரிவாகி இருக்கக்கூடும், அதைக் கூகுளுக்கு மாற்றுங்கள். பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா' என்பதில் தமிழைத் தெரிவுசெய்து இறக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருந்தால், எது நல்லது என்று நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பிள்ளை கேட்டுத் தெரிவு செய்யட்டும், நாள் முழுக்கக் கேட்கப் போவது அவன்தான்.

ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலும் இந்தக் குரல் பேசும். சிக்னல் வந்து வந்து போகிற இடங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வேகத்தை முதலில் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை தானாகவே கூட்டிக்கொள்வான். மருமகன் இப்போது கேட்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை.

படி 2: தொட்டால் வாசிக்கிற பொத்தான்

செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி', அதற்குள் 'செலக்ட் டு ஸ்பீக்'. சில போன்களில் இது 'இன்ஸ்டால்ட் அப்ஸ்' என்ற பிரிவுக்குள் ஒளிந்திருக்கும். அடியோடு காணவில்லை என்றால் பிளே ஸ்டோரில் 'ஆண்ட்ராய்டு அக்சஸிபிலிட்டி சூட்' என்பதை இறக்குங்கள். அதை ஆன் செய்ததும் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் வரும். அதைத் தொட்டு, பிறகு திரையில் ஒரு பந்தியைத் தொட்டால் அந்தப் பந்தியை வாசிக்கும். வட்ஸ்அப் செய்தி, இணையப் பக்கம், எதுவானாலும் சரி.

ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே 'டாக்பேக்' என்று ஒன்று இருக்கும், அதைத் தவறுதலாக ஆன் செய்துவிடாதீர்கள். அது பார்வையில்லாதவர்களுக்கானது, ஆன் ஆனதும் போனைத் தொடுகிற விதமே மாறிவிடும். அப்படிச் சிக்கிக்கொண்டு என் கடைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அது நின்றுவிடும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அக்சஸிபிலிட்டிக்குள் 'ஸ்போக்கன் கன்டென்ட்' (புதிய பதிப்புகளில் 'ரீட் அண்ட் ஸ்பீக்') பகுதியில் 'ஸ்பீக் ஸ்கிரீன்' என்பதை ஆன் செய்துவிட்டு, இரண்டு விரலால் திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் போதும்.

படி 3: பாமினி என்ற பூட்டு

இப்போது பிள்ளை சந்தோசமாக ஒரு மாதிரி வினாத்தாளின் பிடிஎஃப்பைத் திறந்து பொத்தானை அழுத்துகிறான். 'தமிழ்' என்று திரையில் அழகாகத் தெரிகிற இடத்தில் போன் "ஜே கே பி ஓ" என்று ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. போன் பழுதில்லை. தவறு என்னைப் போன்ற ஆட்களுடையது.

பாமினியில் த அடிக்க ஆங்கில ஜே விசையை அழுத்துவோம், ம அடிக்க கே, 'மி'யில் வரும் விசிறிக்கு பி, ழ அடிக்க ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி. கணினி மனதில் வைத்திருப்பது அந்த ஆங்கில எழுத்துகளைத்தான். அதன்மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவதுதான் எழுத்துருவின் வேலை. கண்ணால் பார்ப்பவருக்கு முகமூடி போதும். குரலுக்கு முகம் தெரியாது, உள்ளே இருப்பதை வாசிக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தமிழுக்கென்றே 1991இலிருந்து தனி இடம் இருக்கிறது. அதில் க என்றால் உள்ளேயும் க தான், 'கொ' கூட முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று ஒலிக்கும் ஒழுங்கில்தான் சேமிக்கப்படுகிறது. வாசிக்கும் குரலுக்கு வேண்டியது அதுதான்.

உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கோப்பில் ஒரு வரியைத் தொட்டுக் கொப்பி செய்து, வட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே ஒட்டினால் யூனிகோட், அப்படியே குரலுக்குக் கொடுக்கலாம். ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒட்டினால் பாமினி அல்லது அதேபோன்ற வேறொரு பழைய எழுத்துரு. வரியைத் தொடவே முடியவில்லை என்றால் அது படம், அடுத்த படிக்குப் போங்கள்.

பாமினி என்றால் இணையத்தில் 'பாமினி யூனிகோட் மாற்றி' என்று தேடினால் இலவசமாகப் பல கிடைக்கும். இடப்பக்கப் பெட்டியில் குப்பையை ஒட்டி, மாற்று என்று அழுத்தினால் அடுத்த பெட்டியில் தமிழ் வரும். அதைக் கொப்பி செய்து கூகுள் கீப் போன்ற குறிப்பு அப் ஒன்றில் வைத்துக்கொண்டால், செலக்ட் டு ஸ்பீக் அங்கிருந்து வாசிக்கும்.

மாற்றும்போது மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, தாளின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றி விசித்திரமாக ஏதாவது தரும். இரண்டு, அட்டவணைகள் கலைந்துவிடும், கணக்குத் தாள்களைக் கண்கொண்டு பார்க்க முடியாது. மூன்று, பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது வரிக்கு வரி எண்டர் விழுந்திருக்கும், குரல் ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு விட்டு நிற்கும். அதனால் முடிந்தவரை பிடிஎஃப்பை விட்டுவிட்டு, தாளை அடித்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ரியூசன் சேர், ரீச்சர் யாரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை, "எதுக்கு?" என்று மட்டும் கேட்பார்கள்.

படி 4: அச்சுப் புத்தகமும் படமும்

அரசாங்கப் பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி, மேலே சொன்ன ஒட்டிப் பார்க்கிற சோதனையைச் செய்யுங்கள். தமிழாக ஒட்டாவிட்டால், பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்தாக்குவதே குறுக்கு வழி. திரையைப் படம் பிடியுங்கள், அல்லது புத்தகத்தை நேராக வைத்துப் போட்டோ எடுங்கள். கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைத் திறந்து, எழுத்தைத் தெரிவுசெய்தால் கொப்பி செய்யவும் கேட்கவும் பொத்தான்கள் வரும். இதற்கு டேட்டா வேண்டும்.

போட்டோ எடுப்பதில்தான் பாதி வெற்றி. காலை வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து எடுங்கள், டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் உங்கள் தலையின் நிழல் பக்கத்தில் விழும். புத்தகத்தின் நடு வளைவை அமத்திப் பிடியுங்கள், வளைவில் இருக்கும் எழுத்துகள்தான் அதிகம் பிழையாக வரும். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி இருந்தால் தனித்தனியாக எடுங்கள், இல்லையென்றால் இடப்பக்க வரியின் தலையும் வலப்பக்க வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு வரும்.

பாடம் பாடமாகச் செய்ய வேண்டுமென்றால் கணினி நல்லது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' என்று கொடுத்தால், படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். படம் 2 எம்பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழை ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகப் பிடிக்கிறது, ஆனாலும் புள்ளிகளில் கோட்டை விடும். பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை ஓட்டமாகப் பார்த்துவிடுங்கள். பிழையான எழுத்தைப் பிழையாக வாசித்துக் காட்டினால், 'எனக்குத்தான் விளங்கவில்லை' என்று பிள்ளை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்.

நூலகம் தளத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன, அவற்றுக்கும் இதே வழிதான். தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் போன்ற தளங்கள் யூனிகோட்டிலேயே இருப்பதால் அப்படியே வாசிக்கும்.

இவ்வளவும் பெரிய வேலையாகத் தெரிந்தால், பழைய வழி ஒன்று இருக்கிறது. மருமகனின் வரலாற்றுப் பாடங்களை அம்மம்மா வாசிக்க நாங்கள் போனில் பதிந்து வைத்தோம். நடுவில் சேவல் கூவும், ஐஸ்கிறீம் வான் பாட்டுக் கேட்கும். ஆனாலும் எந்த மெஷின் குரலையும் விட அவனுக்கு மனதில் நிற்பது அதுதான். பாடத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, 'வரலாறு 3' என்பதுபோல் பெயர் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நீளமாகப் பதிந்தால் தேடிக் களைத்துவிடுவான்.

படி 5: கணினி இருந்தால்

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் 'ரீட் அலவுட்' என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். குரல் தெரிவுகளில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள். இலங்கைத் தமிழுக்கென்றே சரண்யா, குமார் என்று இன்னும் இரண்டு. இணைய இணைப்பு வேண்டும், ஆனால் கேட்க இதமாக இருக்கும். வாசிக்கிற சொல் திரையில் நிறம் மாறிக்கொண்டே போகும், இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காதும் கண்ணும் ஒரே சொல்லில் ஒரே நேரத்தில் நிற்பது வாசிப்புப் பழகுவதற்கும் கைகொடுக்கும்.

பக்கம் ஒத்துழைத்தால் எஃப்9 அழுத்துங்கள். விளம்பரமெல்லாம் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். அங்கே எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், ஒரு வரியோ மூன்று வரியோ மட்டும் தெரியும்படி மற்றதை இருட்டாக்கலாம். அந்த வரி மறைப்பு மருமகனுக்கு மிகவும் பிடித்தது.

படி 6: பக்கத்தின் தோற்றம்

எழுத்தின் அளவு 16 அல்லது 18. வரி இடைவெளி ஒன்றரை. இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும், இரு பக்கமும் இழுத்து நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். சாய்வெழுத்தும் அடிக்கோடும் வேண்டாம், முக்கியமானதைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதும். பளீர் வெள்ளைக்குப் பதில் வெளிர் மஞ்சள் தாள் சிலருக்கு இதமாக இருக்கும். பரிசோதித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இடைவெளி உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் தமிழில் எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டப் போனால் சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்லுக்குச் சொல் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். நீளச் சொற்களையும் உடைத்துக் கொடுங்கள்: 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ரயிலை 'படித்துக் கொண்டு இருந்தவர்களுக்கு எல்லாம்' என்று பெட்டி பெட்டியாகக் கழற்றினால் அரைவாசிப் பாரம் குறையும். தமிழ் ஆசிரியர் முகம் சுளிக்கலாம், இது பயிற்சித் தாளுக்கு மட்டும் என்று சொல்லுங்கள்.

இந்த இடத்தில் காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்லெக்சியாவுக்கென்றே செய்த எழுத்துரு என்று ஓப்பன் டிஸ்லெக்சிக்கைச் சொல்வார்கள். அதில் தமிழ் எழுத்தே கிடையாது, ஆங்கிலத்திலும் அது வாசிப்பைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நிறக் கண்ணாடி, நிறத் தாள் என்று பெரிய விலைக்கு விற்பதற்கும் ஆதாரம் பலவீனம். வரியின்மேல் இழுத்தால் வாசிக்கும் ஸ்கேனர் பேனாக்கள் ஆங்கிலத்துக்கு நல்லவை, நான் விசாரித்தவற்றில் தமிழ் இருக்கவில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஹெட்செட்டும் ஒரு வருட டேட்டாவும் வாங்கலாம்.

படி 7: வாயால் எழுதுவது

ஜிபோர்ட் கீபோர்டை இறக்கி, அதன் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, மைக்கைத் தொட்டுப் பேச வேண்டும். 2017இல் கூகுள் தமிழைச் சேர்த்தபோது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகவே சேர்த்தது. இலங்கைத் தமிழில் தொடங்கி, சரிவராவிட்டால் இந்தியத் தமிழையும் முயன்று பாருங்கள்.

பிள்ளையிடம் மைக்கைக் கொடுத்து "கட்டுரை சொல்லு" என்றால் வாயடைத்துப் போவான். எங்களுக்கு வேலை செய்த முறை இது. முதலில் அவன் விருப்பப்படி, பேச்சுத் தமிழிலேயே, எனக்கு வட்ஸ்அப் குரல்பதிவு அனுப்புவான், "மாமா, கோணேசர் கோயிலடில மான் நிண்டது" என்கிற மாதிரி. பிறகு அதை அவனே கேட்டு, ஒவ்வொரு வசனமாக எழுத்துத் தமிழுக்கு மாற்றிக் கீபோர்டுக்குச் சொல்வான்: "கோணேசர் கோயிலுக்கு அருகில் மான் நின்றது." மூன்றாவதாக, எழுதியதைச் செலக்ட் டு ஸ்பீக்கிடம் கொடுத்து வாசிக்க வைப்பான். தன் பிழையைக் கண்ணால் பிடிக்க முடியாத பிள்ளை காதால் பிடித்துவிடும், 'மான்' என்பது 'மண்' என்று விழுந்திருந்தால் சிரித்துக்கொண்டே திருத்துவான். முற்றுப்புள்ளிகளைக் கடைசியில் கையால் போட்டால் போதும்.

ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக்குகிற கீபோர்டை மட்டும் இவர்களுக்குப் பழக்காதீர்கள். இரண்டு மொழி எழுத்துக்கூட்டலை ஒரே நேரத்தில் செய்யச் சொல்வது அது.

படி 8: வாசிப்பைக் கைவிடாமல்

"போன் வாசிச்சா பிள்ளை வாசிக்கவே மாட்டானே" என்று அக்கா முதல் நாளே கேட்டார். நியாயமான பயம். பாடத்தை அறிவதற்குக் காது, வாசிக்கப் பழகுவதற்குத் தனி நேரம் என்று இரண்டையும் பிரித்தோம். விஞ்ஞானப் பாடம் காதால். வாசிப்புக்கு நாளுக்கு இருபது நிமிடம், அவன் வயதுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாக இல்லாத, ஆனால் இலகுவான கதை. முதலில் குரலோடு சேர்ந்து, பிறகு குரலில்லாமல். சிறிய பிள்ளைகளுக்குக் கூகுளின் ரீட் அலாங் அப்பில் தமிழ் இருக்கிறது, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியை ஒரு ஆள்தான் செய்ய வேண்டும், அப்புகள் அதற்குத் துணை மட்டும்.

படி 9: பாடசாலையும் பரீட்சையும்

வகுப்பறைக்குள் மாணவர் போன் கொண்டுபோக முடியாது. ஆகவே அங்கே அட்டைதான். தடித்த அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு நீளமாக ஒரு யன்னல் வெட்டிக் கொடுங்கள், புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். வகுப்பாசிரியரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், முடிந்த இடத்தில் விடையை வாயால் கேளுங்கள். நீண்ட விரிவுரை நடத்தினால் அவர்களுக்கும் அலுத்துவிடும்.

சாதாரண தரம் போன்ற பரீட்சைகளுக்கு, விசேட தேவையுள்ள பரீட்சார்த்தியாக மேலதிக நேரம், வாசிப்பவர், எழுதுபவர் போன்ற சலுகைகளை அதிபர் ஊடாகக் கேட்கலாம். விண்ணப்பம் அனுப்பும் காலத்துக்கு வெகு முன்னரே அதிபரைச் சந்தித்து, அந்த வருட அறிவுறுத்தலில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள், வைத்திய அறிக்கை இங்கேதான் உதவும். வாசித்துக் காட்ட ஆள் கிடைக்கும் என்றால், பல மாதம் முன்பிருந்தே மனிதக் குரலில் வினாத்தாள் கேட்டு விடை சொல்லப் பழக்குங்கள். போன் வாசித்தால் பத்துத் தடவை திருப்பிக் கேட்கலாம், முன்னால் இருக்கும் மிஸ்ஸிடம் மூன்றாவது தடவை கேட்கப் பிள்ளை கூச்சப்படும். அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே போக்க வேண்டும்.

கடைசியாக, என் தொழிலைச் சேர்ந்த இரண்டு குறிப்பு. வினாத்தாளைப் பெரிதாக்கக் கடைக்குப் போனால், ஏ4ஐ ஏ3 ஆக்கி 141 வீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள், ஓரம் வெட்டுப்படாமல் சரியாக வரும். தட்டச்சுக்குக் கொடுத்தால் "யூனிகோட்டில அடிச்சுத் தாங்கோ, கோப்பையும் வட்ஸ்அப்பில அனுப்புங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள். விசைப்பலகை பழகவில்லை என்று முனகுவார்கள். நானும் முனகினேன். பாமினி விசைகளையே அழுத்தி யூனிகோட் எழுத வைக்கிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள், பிறகு சொல்வதற்கு அவர்களிடம் சாட்டு இருக்காது.